பழைய டி.சி.யைச் சீர்செய்வதா, 25 கே.வி.க்கு மாறுவதா? புறநகர் ரயில்களின் மின்சார முடிவு

2016 ஏப்ரல் 9 அன்று நள்ளிரவை ஒட்டி, மும்பையின் குர்லாவிலிருந்து சி.எஸ்.டி. (சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) நிலையத்துக்கு ஒரு லோக்கல், அதாவது புறநகர் ரயில், கிளம்பியது. 1500 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் பாயும்) மின்சாரத்தில் அந்த ஊரில் ஓடிய கடைசி லோக்கல் அது. இந்தியாவின் முதல் மின்சார ரயிலும் இதே இரண்டு நிலையங்களுக்கு நடுவில்தான் ஓடியது, 1925 பிப்ரவரி 3-ல். தொண்ணூற்றொரு வருடம் ஒரே வகை மின்சாரம் அந்த ஊரைச் சுமந்திருக்கிறது.

25 கே.வி. (25,000 வோல்ட்) ஏ.சி.க்கான மாற்றம் ஒரே இரவில் வந்துவிடவில்லை. வெஸ்டர்ன் பாதையில் சர்ச்கேட் வரை 2012-ல் முடிந்தது, சென்ட்ரல் மெயின் பாதையில் 2015-ல், கடைசியாக ஹார்பர் பாதையில் 2016-ல். இதே தலைவலி உலகத்தில் இன்னும் பல ஊர்களுக்கு உண்டு. சிட்னி, மெல்பர்ன், தெற்கு லண்டன், நியூ ஜெர்சி, பிலடெல்பியா எல்லாமே இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது வருடங்களில் மின்மயமானவை. அன்றைக்கு எது கிடைத்ததோ அதை மாட்டினார்கள். இன்று அது பழசாகிவிட்டது. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு முடிவு எடுத்திருக்கிறது.

அந்த முடிவுகளை ஒப்பிடுவதற்கு முன், என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த மின்சாரம் நல்லது என்று கேட்டால் பதில் சுலபம்: 25 கே.வி. ஏ.சி. ஆனால் ஒரு ஊர் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. "நம் ரயில் பெட்டிகள் எப்போது ஓய்வு பெறப் போகின்றன, நம் பாலங்கள் எவ்வளவு தாழ்வாக இருக்கின்றன" என்பதுதான் கேள்வி. கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் துணை மின்நிலையத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் எல்லோரும் பிறகு பாலத்தடியிலும் ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் கார்ஷெட்டிலும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் ஏ.சி. என்று வரும் இடமெல்லாம் மாறுதிசை மின்சாரம்தான். குளுகுளு பெட்டியைக் குளிர்சாதன ரயில் என்றே எழுதுகிறேன்.

பழசானது எது?

மின்சக்தி என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. கணக்குக்காக 3 மெகாவாட் இழுக்கும் ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். 1500 வோல்ட்டில் அதற்கு 2000 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட்டில் சுமார் 120 ஆம்பியர் போதும். கம்பியில் சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது ஒரே கம்பியில் இரண்டையும் அனுப்பினால், டி.சி.யில் வீணாவது 270 மடங்குக்கும் மேல். அதனால்தான் டி.சி. பாதையில் தடிமனான செம்புக் கம்பிகளை இரட்டையாகக் கட்டுகிறார்கள், சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம் வைக்கிறார்கள். 25 கே.வி.யில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 40, 50 கிலோமீட்டர் கூட விடலாம்.

பயணிகள் குறைவாக இருந்த காலத்தில் இது பெரிய விஷயமாக இல்லை. ரயிலின் நீளம் 9 பெட்டியிலிருந்து 12 ஆனது, 12-லிருந்து 15 ஆனது, மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று ஆனது. காலை எட்டரை மணிக்கு ஒரே பகுதியில் நான்கு ரயில்கள் சேர்ந்து கிளம்பினால் கம்பியில் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் ரயிலின் வேகம் ஏறாது. நேரம் பிந்தும், பின்னால் வரும் ரயிலும் பிந்தும். கூட்டம் அதிகமாக இருக்கும்போதுதான் மின்சாரம் குறைவாகக் கிடைக்கிறது. கதவோரம் தொங்கிக்கொண்டு வருகிறவருக்கு அந்த ஐந்து நிமிடத் தாமதத்தின் அர்த்தம் தெரியும்.

அப்புறம் பழைய கருவிகள். ஏ.சி.யை டி.சி.யாக மாற்ற முதலில் சுழலும் இயந்திரங்கள் இருந்தன, பிறகு பாதரச ரெக்டிஃபயர்கள் வந்தன, அதற்கும் பிறகு சிலிக்கான். ஒவ்வொரு தலைமுறை போகும்போதும் உதிரி பாகமும் போகும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கையும் போகும்.

டி.சி.யை வைத்துக்கொண்டே பலப்படுத்துவது

முதல் வழி இதுதான். துணை மின்நிலையங்களைக் கூட்டு, ரெக்டிஃபயரைப் புதுசாக்கு, இன்னொரு கம்பி சேர். சிட்னியில் 1926 மார்ச்சில் முதல் மின்சார ரயில் ஓடியது, 1500 வோல்ட் டி.சி.யில். புறநகர்ப் பாதைகள் இன்றும் அதே. மெல்பர்ன் 1919-லேயே தொடங்கியது, அதுவும் இன்றும் 1500 வோல்ட். பெரிய ரயில்களை வாங்கும்போதெல்லாம் கூடவே புதிய துணை மின்நிலையங்களும் கட்டுகிறார்கள்.

இந்த முடிவைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். சிட்னியின் நடு ஊரில் நூறு வருடத்துச் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன, அவற்றுக்குள் இரண்டடுக்கு ரயில்கள் ஓடுகின்றன. 25 கே.வி. கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் கால் மீட்டர் அளவுக்குக் காற்று இடைவெளி வேண்டும். 1500 வோல்ட்டுக்கு அதில் பாதியே தாராளம். கூரை தட்டும் சுரங்கத்தில் அந்தச் சில அங்குலம் எங்கிருந்து வரும்? டி.சி.யில் இருக்கும் ஊருக்கு இன்னொரு வசதியும் உண்டு: வேலையைத் துண்டு துண்டாகச் செய்யலாம். இந்த வருடம் இரண்டு துணை மின்நிலையம், அடுத்த வருடம் மூன்று. ஒரு நாள் கூட ரயிலை நிறுத்த வேண்டாம்.

குறை என்ன? நெரிசலான ஊரில் சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையத்துக்கு இடம் தேட வேண்டும். செம்புக்கும் கொள்ளை விலை. தண்டவாளம் வழியாகத் திரும்பும் டி.சி. மின்சாரத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, பக்கத்தில் புதைந்திருக்கும் தண்ணீர்க் குழாயையும் கட்டடக் கம்பியையும் அரிக்கும். ரயில்வேயின் கணக்குப் புத்தகத்தில் வராத செலவு அது.

தெற்கு லண்டன் இந்த வழியில் பட்ட அடியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றில் 750 வோல்ட் டி.சி. ஓடுகிறது. 2000-களின் தொடக்கத்தில், கையால் அறைந்து சாத்தும் கதவுகள் கொண்ட பழைய பெட்டிகளை எடுத்துவிட்டு நவீன ரயில்களை வாங்கினார்கள். குளிர்சாதனம், தானியங்கிக் கதவு, வேகமான கிளம்பல் என்று அவை பழசைவிட அதிக மின்சாரம் இழுக்கும். இது தாமதமாகத்தான் உறைத்தது. புது ரயில்கள் வந்து சேர்ந்தும் மின்சாரம் போதாமல் ஓரமாக நின்றன. அவசர அவசரமாக மின்வழங்கலைப் பலப்படுத்தும் பெரிய திட்டம் ஒன்றைப் போட்டு, 2005 வாக்கில்தான் பழைய கதவு ரயில்கள் ஓய்ந்தன. தொழில்நுட்பத்தில் தவறு எதுவும் இல்லை. ரயில் வாங்கும் துறையும் மின்சாரத் துறையும் ஒரே மேஜையில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

பிரேக் மின்சாரத்தைப் பிடித்து வைப்பது

நவீன ரயில் பிரேக் போடும்போது அதன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். நிலையத்துக்கு நிலையம் நின்று போகும் புறநகர் ரயிலுக்கு இது பெரிய வரவு. ஆனால் டி.சி.யில் ஒரு சிக்கல். சாதாரண ரெக்டிஃபயர் ஒருவழிப் பாதை. பக்கத்தில் வேறொரு ரயில் அந்த நேரத்தில் மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தால் பிழைத்தது, இல்லையென்றால் எல்லாம் சூடாகிக் காற்றில் போகும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, திரும்பி வரும் மின்சாரத்தை மின்வாரியக் கட்டமைப்புக்கே அனுப்பும் இருவழித் துணை மின்நிலையம். லண்டன் பாதாள ரயிலின் விக்டோரியா பாதையில் 2015-ல் இப்படி ஒன்றைச் சோதித்தார்கள். இன்னொன்று, பாதையோரத்தில் சேமிப்பு. பிலடெல்பியாவின் மெட்ரோ பாதை ஒன்றில் பேட்டரி வைத்தார்கள், லாஸ் ஏஞ்சலஸில் சுழற்சியிலேயே சக்தியைச் சேமிக்கும் சுழல்சக்கரம் வைத்தார்கள்.

எனக்கு இவை பிடிக்கும், ஆனால் இவற்றைத் தனி வழியாகக் கருத மாட்டேன். டி.சி.யிலேயே இருப்பது என்று முடிவு செய்த ஊருக்கு இவை நல்ல துணை. இரண்டு துணை மின்நிலையங்களுக்கு நடுவில் வோல்டேஜ் இறங்கும் இடத்தில் ஒரு பேட்டரி நிலையம் வைத்தால், புது நிலையம் கட்டும் செலவைத் தள்ளிப்போடலாம். 15 பெட்டி ரயில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று ஓட்டும் ஊரில், அடிப்படையிலேயே போதாத மின்சாரத்துக்குப் பேட்டரி ஈடாகாது.

25 கே.வி. ஏ.சி.க்கு மாறுவது

இந்தியாவில் 25 கே.வி.தான் இனி என்று 1957-லேயே முடிவாகிவிட்டது, பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடு. கொல்கத்தா அந்தச் சமயத்தில்தான் 3000 வோல்ட் டி.சி.யில் ஹவுராவிலிருந்து தொடங்கியிருந்தது. பத்து வருடத்துக்குள் அதை அப்படியே ஏ.சி.க்கு மாற்றிவிட்டார்கள். சென்னையும் அப்படித்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் 1500 வோல்ட் டி.சி.யில் ஓடத் தொடங்கியது. 1960-களில் அதை 25 கே.வி.க்கு மாற்றினார்கள். அதனால் இன்று சென்னையில் யாருக்கும் டி.சி. என்ற நினைவே இல்லை. சுமார் 30 கிலோமீட்டர்ப் பாதை, ஓடிய ரயில்களும் கொஞ்சம். சின்னதாக இருக்கும்போதே மாற்றிவிட்டதால் வலி தெரியவில்லை.

மும்பை இன்னும் ஐம்பது வருடம் காத்திருந்தது. அதற்குள் தினமும் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறி இறங்கும் பாதையாக அது வளர்ந்துவிட்டது. நடுவில் நாட்டின் மற்ற பகுதிகள் ஏ.சி.க்குப் போய்விட்டதால், வெளியூர் ரயில்கள் மும்பைக்கு வெளியே மின்சாரம் மாற வேண்டியிருந்தது. வெஸ்டர்ன் பாதையில் விரார், சென்ட்ரலில் இகத்புரி. இதற்காகவே 1970-களில் இரண்டு மின்சாரத்திலும் ஓடும் இன்ஜின்களைச் செய்தார்கள்.

மாற்றத்துக்குச் சாவியாக இருந்ததும் அதே யோசனைதான், இந்த முறை லோக்கல் ரயில்களில். இரண்டு மின்சாரத்திலும் ஓடும் பெட்டிகளை முதலில் கொண்டுவந்தார்கள். டி.சி. பகுதியில் டி.சி.யில் ஓடும், ஏ.சி. பகுதி வந்தால் ஓட்டுநர் மாற்றிக்கொள்வார். இந்தப் பெட்டிகளில் பெரும்பகுதி சென்னை பெரம்பூரில், ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஆலையில் செய்தவை. சீமென்ஸ் மின்கருவிகள் பொருத்திய புதிய ரயில்கள் 2007-ன் முடிவிலிருந்து மும்பையில் ஓடத் தொடங்கின. பிரேக் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வசதி அவற்றில் உண்டு, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரம் மிச்சம் என்று ரயில்வே சொன்னது. அப்படிப்பட்ட ரயில்கள் போதிய அளவு சேர்ந்த பிறகு, ஊரின் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு பகுதியாகக் கம்பியை மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

உள்ளே வர வர வேலை கடினமானது, ஏனென்றால் பழைய ஊரில்தான் பழைய பாலங்கள். சான்ட்ஹர்ஸ்ட் ரோடு பக்கத்தில் ஹான்காக் பாலம் என்று ஒன்று, 1879-ல் கட்டியது. பாதையின் மேல் அது மிகவும் தாழ்வு. 2016 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்களை நிறுத்திவிட்டு அதை அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பதிலாக வந்த புதுப் பாலம் திறந்தது 2022-ல். நடுவில் இருந்த வருடங்களில் அக்கம்பக்கத்து மக்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, தண்டவாளத்தைக் கடந்து போனார்கள். மின்மாற்றத் திட்டத்தின் செலவில் இதை யாரும் சேர்த்து எழுதுவதில்லை. எழுத வேண்டும். பாலத்தை எடுக்கும் முன்பே அந்த மக்கள் கடக்க ஒரு நடைமேம்பாலம் போடுவது, எந்த டிரான்ஸ்ஃபார்மரையும்விட முதலில் வர வேண்டிய வரி.

இன்னும் சில செலவுகள் கண்ணுக்குத் தெரியாதவை. டி.சி. பாதையில் ரயில் எங்கே இருக்கிறது என்று சிக்னலுக்குச் சொல்லும் தண்டவாளச் சுற்று ஏ.சி.யில் வேலை செய்யும். ஏ.சி. பாதையில் அது ஆகாது, எல்லாவற்றையும் வேறு வகைக்கு மாற்ற வேண்டும். பக்கத்தில் ஓடும் தொலைபேசிக் கம்பிகளில் ஏ.சி.யின் தூண்டல் இரைச்சல் வரும், அவற்றையும் பாதுகாக்க வேண்டும். ஒரு துணை மின்நிலையத்தின் பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறிது தூரம் மின்சாரமே இல்லாத கம்பி இருக்கும். அதை ரயில் ஓட்டத்திலேயே கடந்துபோக வேண்டும், அங்கே நின்றுவிட்டால் வம்பு.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஹார்பர் பாதையில் பையன்கள் ரயில் கூரையில் ஏறிப் போகும் வழக்கம் இருந்தது. 1500 வோல்ட்டில் கம்பியில் பட்டால் ஆபத்து. 25,000 வோல்ட்டில் படவே வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். மாற்றத்தின்போது இதை ரயில்வே திரும்பத் திரும்ப எச்சரித்தது. எந்த ஊர் மாறினாலும், கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் நாளுக்கு மாதக்கணக்கில் முன்பே பள்ளிகளிலும் பாதையோரக் குடியிருப்புகளிலும் போய் இதைச் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவுக்கும் பலன் என்ன? 12 பெட்டி ரயில்கள் எல்லாப் பாதையிலும், தேவைப்பட்ட இடத்தில் 15 பெட்டி, துணை மின்நிலையங்கள் குறைவு, வெளியூர் ரயில்களுக்கு இன்ஜின் சிக்கல் இல்லை. 2017 டிசம்பர் 25-ல் முதல் குளிர்சாதன லோக்கல் வெஸ்டர்ன் பாதையில் ஓடியது, அதுவும் பெரம்பூரில் செய்ததுதான். அதன் உயரம் சென்ட்ரல் பாதையின் தாழ்ந்த பாலங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதால்தான் வெஸ்டர்னுக்குப் போனது. பாலம் மறுபடியும் குறுக்கே வந்து நின்றது.

அமெரிக்காவின் இரண்டு பாடங்கள்

நியூ ஜெர்சியில் ஹோபோகனிலிருந்து கிளம்பும் பாதைகள் 1930-ல் 3000 வோல்ட் டி.சி.யில் மின்மயமாயின. முதல் ரயிலை இயக்கியவர் தாமஸ் எடிசன். அந்த மின்சாரமும் அன்றைய பெட்டிகளும் சேர்ந்து 54 வருடம் ஓடின, 1984-ல் சேர்ந்தே ஓய்வு பெற்றன. அந்த வருடம் பாதை 25 கே.வி. ஏ.சி. ஆனது, அதற்கேற்ற ரயில்கள் வந்தன. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. பெட்டிகள் எப்படியும் போக வேண்டிய நேரம், மின்சாரமும் அதோடு போனது. மும்பையைப் போல இரண்டு மின்சாரத்திலும் ஓடும் விலை கூடிய ரயில்களைப் பெரிய அளவில் செய்ய வேண்டிய தேவை இல்லாமல் போனது.

பிலடெல்பியாவின் கதை வேறு. அங்கே 1915-லிருந்தே ஏ.சி.தான், ஆனால் திசை மாறி மாறி வருவது நொடிக்கு 25 சுழற்சி. நாட்டின் மின்கட்டமைப்போ 60 சுழற்சி. அதனால் ரயிலுக்கென்று தனியாக மின்சாரத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். பழைய சுழலும் மாற்றிகளுக்குப் பதில் மின்னணு மாற்றிகளை வைத்து அதே 25 சுழற்சியில் இன்றும் ஓட்டுகிறார்கள். வடக்கே நியூ ஹேவன் பாதை 1980-களில் 60 சுழற்சிக்கு மாறிவிட்டது. பிலடெல்பியா பாதை பல நிறுவனங்களின் ரயில்கள் சேர்ந்து ஓடும் நெடும்பாதையோடு பின்னிக் கிடக்கிறது, எல்லோரும் சேர்ந்து மாறினால்தான் மாற முடியும். இப்படிப்பட்ட இடத்தில் மாற்றியை மட்டும் புதுப்பிப்பதில் தவறில்லை.

நான் முடிவெடுத்தால்

சுரங்கம் நிறைந்த, ரயில்கள் பாதி வயதைத் தாண்டாத டி.சி. ஊராக இருந்தால், டி.சி.யிலேயே இருந்து, இருவழித் துணை மின்நிலையங்களையும் தேவையான இடத்தில் பேட்டரியையும் சேர்ப்பேன். அடுத்து வாங்கும் ரயில் ஒவ்வொன்றும் ஏ.சி.க்கு மாற்ற இடம் விட்டுச் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவேன். இப்போதே டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டாம், அதற்கான இடமும் எடைத் தாங்கலும் இருந்தால் போதும்.

திறந்த வெளிப் பாதை, நெரிசல் ஏறிக்கொண்டே போகிறது, ரயில்களும் இன்னும் பத்து வருடத்துக்குள் போக வேண்டியவை, அக்கம்பக்கத்து நெடும்பாதைகளெல்லாம் ஏற்கெனவே 25 கே.வி. என்றால் தயங்க வேண்டியதே இல்லை, மாறிவிட வேண்டும். வேலையைப் பாலத்திலிருந்து தொடங்குவேன். பாலங்களை உயர்த்துவது, சிக்னலை மாற்றுவது, புது ரயில் வாங்குவது, கடைசியில் கம்பி. மும்பையில் பாலம் கடைசிக் கட்டத்தில் வந்து நின்றதால்தான் ஹான்காக் பாலத்து மக்களுக்கு அந்த ஆறு வருடம்.

சிக்னல் எப்படியும் புதுப்பிக்கப்படப் போகிறது என்றால் அது கணக்கை ஏ.சி. பக்கம் இன்னும் சாய்க்கும். ஒரே செலவில் இரண்டு வேலை.

சென்னைக்கு இந்தக் கேள்வி முடிந்துபோனதல்ல. 1960-களில் போட்ட 25 கே.வி.யும் ஒரு நாள் பழசாகும், ரயில்களும் நீளும். அங்கே அடுத்த படி 2x25 கே.வி. என்கிற முறை. கம்பிக்கு எதிர் திசையில் 25 கே.வி. கொண்ட இன்னொரு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, சில கிலோமீட்டருக்கு ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். பாரிஸ் லியோன் அதிவேகப் பாதை 1981-லேயே இப்படித்தான் கட்டப்பட்டது, இந்தியாவிலும் நெரிசலான சரக்குப் பாதைகளில் உண்டு. இதன் பெரிய நன்மை, ரயிலில் எதையும் மாற்ற வேண்டாம். கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ரயிலின் கூரைக் கைக்கு (பேண்டோகிராஃப்) அதே 25 கே.வி.தான் கிடைக்கும். ஆனால் அந்தக் கூடுதல் கம்பிக்குப் பாதையோரத்திலும் பாலத்தடியிலும் இடம் வேண்டும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இனி கட்டப்போகும் ஒவ்வொரு மேம்பாலத்திலும் அந்த இடத்தை இப்போதே விட்டுவைக்கலாம்.